தீபாவளி விடுமுறைக்குப் படகு தர மறுத்தவர்கள்: கெய்ன்ஸ் ஈட்டி மீன்பிடிப் பயணச் சேவை பற்றிய மதிப்பீடு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு நீண்ட பயணம் என்றால் முதலில் கண்ணில் படுவது தீபாவளியை ஒட்டி வரும் விடுமுறைதான். அந்த வாரத்தில் ஆஸ்திரேலியாவின் கெய்ன்ஸ் நகருக்குப் போய், கிரேட் பேரியர் ரீஃப் எனப்படும் பெரும் பவளத்திட்டில் மூச்சடக்கி மூழ்கி, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்க வேண்டும் என்று திட்டமிட்டு மூன்று படகுச் சேவைகளுக்கு எழுதினேன். இரண்டு இடங்களிலிருந்து அன்று மாலையே முன்பணம் கட்டும் இணைப்பு வந்துவிட்டது. மூன்றாவது இடத்திலிருந்து மறுநாள் வந்த பதிலில், நான் கேட்ட நாட்களில் களவா முதலான பவளத்திட்டு மீன்களைப் பிடிக்கத் தடை இருப்பதாகவும், அந்த நாட்களில் தாங்கள் ஈட்டிப் பயணம் எதையும் நடத்துவதில்லை என்றும், செப்டம்பரில் வர முடியுமா என்றும் கேட்டிருந்தார்கள். நான் செப்டம்பரில் போனேன். இந்த மதிப்பீடு அந்த மூன்றாவது சேவையைப் பற்றியது. நான்கு பேர் மட்டும் போகக்கூடிய சிறு படகை வைத்துப் பிழைப்பவர்கள் என்பதாலும், குறைகளையும் எழுதப் போகிறேன் என்பதாலும் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அந்தத் தடை என்னவென்று விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் நம்மவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது. குயின்ஸ்லாந்து மாநில அரசு ஆண்டுதோறும் அக்டோபரிலும் நவம்பரிலும் அமாவாசையை ஒட்டி ஐந்தைந்து நாட்கள் பவளத்திட்டு மீன்களைப் பிடிப்பதற்குத் தடை விதிக்கிறது. கோரல் டிரவுட் எனப்படும் சிவந்த களவா வகை அந்த நாட்களில்தான் குறிப்பிட்ட இடங்களில் கூட்டமாகத் திரண்டு சினையிடும். ஐப்பசி அமாவாசையை ஒட்டியே தீபாவளி வருவதால், பஞ்சாங்கம் பார்த்து விடுப்பு எடுக்கும் தமிழர் ஒருவர் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தடை நாட்களுக்குள்ளேயே போய் இறங்குவார். சூரை போன்ற திறந்த கடல் மீன்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆகவே அந்த நாட்களில் படகை எடுத்துச் செல்வது சட்ட மீறல் ஆகாது. முன்பணம் கேட்ட அந்த இருவரையும் நான் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வருகிறவரின் கையில் ஈட்டியைக் கொடுத்து, கண் முன்னே திரண்டு நிற்கும் களவாவைத் தொடாதே என்று சொல்வதில் பயனில்லை என்பது இவர்களுடைய நிலை. ஐந்து நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்து எடுத்த நிலை அது.

கட்டணம் ஒருவருக்கு 480 ஆஸ்திரேலிய டாலர். முதல் நாள் மாலை மூன்று மணி நேர வகுப்பும் நீச்சல்குளப் பயிற்சியும், மறுநாள் விடிகாலை முதல் மாலை வரை கடலும், துப்பாக்கி, ரப்பர் உடை, எடைப் பட்டை, மதிய உணவு, கடல் பூங்காவுக்குச் செலுத்த வேண்டிய சுற்றுச்சூழல் கட்டணம் ஆகியவையும் இதில் அடங்கும். ஸ்கூபா கிடையாது. குயின்ஸ்லாந்தில் காற்றுக்கலன் அணிந்துகொண்டு ஈட்டியால் மீன் பிடிப்பது சட்டப்படி குற்றம், ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் மட்டும்தான். இந்த விதியை நியாயமானதாகவே கருதுகிறேன். மூச்சுப் பிடித்து இறங்குகிறவருக்கு அடியில் கிடைப்பது ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் தப்பித்துக்கொள்ள மீனுக்கும் வாய்ப்பு இருக்கிறது. நாற்பது நிமிடக் காற்றை முதுகில் சுமந்துகொண்டு, பொந்துக்குள் ஒளிந்திருக்கும் களவாவை ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினால் ஒரு திட்டைக் காலிசெய்ய அதிக நாள் ஆகாது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்று எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டின் தீவில் வாய்த்தது. அங்கே படகோட்டி ஒருவர் காற்றுக்கலனையும் துப்பாக்கியையும் ஒன்றாகவே கையில் கொடுத்தார். இதற்கு அனுமதி உண்டா என்று நான் கேட்டபோது, இங்கே யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு இறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று குத்தியவற்றில் பாதி உள்ளங்கை நீளம் இருக்கும். அந்தக் கூச்சம் இருந்ததால்தான் இம்முறை கட்டணத்தையும் படங்களையும் பார்ப்பதற்கு முன் விதிகளைப் படித்தேன்.

முதல் நாள் மாலை வகுப்புதான் இந்தச் சேவையின் சிறந்த பகுதி. கடற்கரையை ஒட்டிய ஒரு கொட்டகையில் நீண்ட மேசை மீது வரைபடத்தை விரித்து வைத்து வழிகாட்டி தொடங்கினார். இந்தக் கடல் யிர்கஞ்சி மக்களுடைய மரபுக் கடல்வெளி என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வரைபடத்துக்குத் தாவிவிட்டார். இன்னும் இரண்டு வாக்கியங்களாவது சொல்லியிருக்கலாம். அந்த மக்களுக்கு இந்தக் கடலில் மரபுவழி மீன்பிடி உரிமைகள் இருக்கின்றன; எங்களைப் போன்ற பயணிகளுக்கு இருப்பது விருந்தாளியின் சலுகை மட்டுமே. அதைப் புரியவைக்க அந்த மேசையை விடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

வரைபட விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1975-இல் நிறுவப்பட்ட இந்தக் கடல் பூங்கா 3,44,400 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மண்டலத் திட்டம் அதை நிறங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பச்சை நிறப் பகுதியில் மீனைப் பார்க்கலாம், பிடிக்கக் கூடாது. மொத்தப் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பச்சைதான். இளநீலம், கருநீலம் இரண்டிலும் ஈட்டிக்கு இடமுண்டு. மஞ்சளில் ஸ்நார்க்கலுடன் மட்டும் உண்டு என்றாலும், அதற்குள்ளேயே பொதுமக்கள் பார்த்து மகிழ்வதற்கென்று ஒதுக்கிய சில துண்டுகளில் ஈட்டி எடுக்கக் கூடாது. இளஞ்சிவப்பில் அனுமதியின்றி நுழையவே முடியாது. எல்லைகள் கடலில் கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்காது. ஒரே திட்டின் வடபாதி நீலமாகவும் தென்பாதி பச்சையாகவும் இருக்கலாம். எனவே நீரோட்டத்தில் மிதந்து போகும் ஒருவர் இருநூறு மீட்டர் நகர்ந்தாலே குற்றவாளியாகிவிட முடியும். எல்லைக்கு அருகே இருக்கும் திட்டுகளில் தாங்கள் யாரையும் இறக்குவதில்லை என்று வழிகாட்டி சொன்னார். அந்த ஒரு முடிவிலேயே பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்து வந்தது பட்டியல். தொடவே கூடாத மீன்கள் ஏழு எட்டைப் படங்களோடு சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள்: நெற்றி புடைத்த மாவோரி ராஸ், உருளைக்கிழங்குக் காட் என்ற புள்ளிக் களவா, குயின்ஸ்லாந்து குரோப்பர், கூன் முதுகும் கரும்புள்ளியும் கொண்ட பாரமுண்டி காட், பிறகு ரெட் பாஸ், பேடில்டெய்ல், சைனாமேன் என்ற மூன்று செப்பிலி இனங்கள். கடைசி மூன்றும் ஒதுக்கப்பட்டிருப்பதன் காரணம் மற்றவற்றிலிருந்து வேறு. சிகுவாட்டெரா என்ற நஞ்சு, பவளத்திட்டின் மேல் படரும் நுண்பாசியிலிருந்து சிறு மீனுக்கும், அதைத் தின்னும் பெரிய மீனுக்கும் சேர்ந்துகொண்டே போகும். இந்த மூன்றும் அதை அதிகம் சேர்த்து வைப்பவை. சமைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது, வாசனையும் ருசியும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டவருக்கு உதடு மரத்துப்போகும், குளிர்ந்த நீரைத் தொட்டால் சுடுவது போலிருக்கும். சிவப்பாக இருந்தால் சங்கரா என்று நம்பும் கண்ணோடு போகிறவர்கள் ரெட் பாஸ் படத்தை இரண்டு முறை பார்த்துக்கொள்வது நல்லது. கண்ணுக்கு முன்னால் மூக்கை நோக்கி ஓடும் பள்ளம்தான் அடையாளம். வழிகாட்டி எங்களை மாறி மாறிக் கேள்வி கேட்டு, நால்வரும் தவறில்லாமல் சொல்லும் வரை விடவில்லை.

அளவு பற்றிய பாடத்துக்கு நாற்பது நிமிடம் போனது. அது போதாது என்றுகூடச் சொல்வேன். கோரல் டிரவுட் குறைந்தது 38 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அதன் உறவான நீலப்புள்ளி டிரவுட் 50-க்குக் குறையாமலும் 80-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். ரெட் எம்பரர் என்ற செப்பிலி வகை 55. தூண்டிலில் சிக்கிய மீன் சிறியதாக இருந்தால் கொக்கியைக் கழற்றித் திரும்ப விடலாம். ஈட்டி பாய்ந்த மீனை எங்கே விடுவது? விசையை அழுத்தும் முன்பே அளந்து முடித்திருக்க வேண்டும், அதுவும் கண்ணால். அந்தக் கண்ணையோ கடல் ஏமாற்றுகிறது. முகக்கண்ணாடி வழியே நீருக்குள் பார்க்கும்போது ஒளி முறிவதால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். 45 சென்டிமீட்டர் என்று தோன்றும் மீன் உண்மையில் 34-க்குள்தான் இருக்கும். மாலை நீச்சல்குளத்தில் பல அளவுகளில் வெட்டிய மரத்துண்டு மீன்களை அடியில் போட்டு வைத்து ஒவ்வொன்றையும் மதிப்பிடச் சொன்னார்கள். பத்தில் ஏழுக்கு நான் சொன்ன அளவு அதிகம். அதன் பிறகு ஒரு விதி வைத்தார்கள்: 55 என்று தோன்றாத எதையும் குறிவைக்காதீர்கள், சந்தேகம் வந்தாலே அது சிறிய மீன்தான்.

எண்ணிக்கையிலும் சட்டத்துக்கும் இவர்களுக்கும் இடையே இடைவெளி உண்டு. சட்டப்படி ஒருவர் ஏழு கோரல் டிரவுட் வரை வைத்திருக்கலாம். இது ஒரு நாளுக்கான கணக்கு அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விடுதிக் குளிர்பெட்டியில் நேற்றுப் பிடித்தது நான்கு இருந்தால் இன்று மூன்றுதான் பிடிக்க முடியும். இந்தப் படகிலோ ஒருவருக்கு இரண்டு டிரவுட், எல்லா மீன்களும் சேர்த்து நான்கு. கிளிமீன்கள் 25 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சட்டப்படி ஐந்து பிடிக்கலாம். இந்தப் படகில் ஒன்றுகூடக் கூடாது. 2016, 2017, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்து வெளிறிப்போன பவளத்திட்டின் மேல் பாசி படர்ந்துவிட்டால் புதிய பவளம் ஒட்டி வளர இடமிருக்காது. அந்தப் பாசியைச் சுரண்டித் தின்பது கிளிமீன். இதை விளக்கியபோது, மெல்பர்னிலிருந்து வந்திருந்த சக பயணி ஒருவர், அரசு அனுமதிப்பதை நீங்கள் ஏன் தடுக்கிறீர்கள், நான் பணம் கட்டியிருக்கிறேனே என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் கட்டுப்பாடுகள் முன்பதிவு செய்யும்போதே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரியாகத்தான் அது இருந்தது. வழிகாட்டி வாதாடவில்லை, விருப்பமில்லையென்றால் முழுப் பணத்தையும் இப்போதே திருப்பித் தருகிறேன் என்றார். அவர் தங்கிவிட்டார்.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. குயின்ஸ்லாந்தில் உப்புநீரில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க வெளிநாட்டவர் உள்பட யாருக்கும் தனி உரிமம் தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டு எங்கும் இப்படித்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பஹாமாஸில் விசையுள்ள துப்பாக்கியே கூடாது; கையால் இழுத்துவிடும் கம்பும் கவணும்தான். மாலத்தீவில் ஈட்டித் துப்பாக்கிக்கே தடை. நாடு மாறினால் நேற்றைய பழக்கம் இன்றைய குற்றமாகலாம் என்பதால், பெட்டியில் துப்பாக்கியை வைப்பதற்கு முன் போகிற நாட்டின் மீன்வளத் துறை விதியைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆஸ்திரேலியாவுக்கு என் முகக்கண்ணாடியை மட்டும் கழுவி உலர்த்திக் கொண்டுபோனேன். மண்ணோ பாசியோ ஒட்டிய கருவிகளை விமான நிலையத்தில் அவர்கள் லேசில் விடுவதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வெளித்திட்டுகளுக்குப் போகும் வழியில் ஒரு பச்சை மண்டலத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே துப்பாக்கிகளிலிருந்து ஈட்டிகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். கடந்து செல்லத் தடையில்லை. கருவி பயன்படுத்தும் நிலையில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எட்டரை மணிக்கு ஒரு கருநீலத் திட்டின் விளிம்பில் நங்கூரம் போட்டார்கள், அதுவும் பவளத்தின் மேல் விழாதபடி மணல் தெரிந்த இடம் பார்த்து. தூத்துக்குடிப் பக்கம் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். என் பெரியப்பா சங்குகுளிக்கப் போன காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்த விளிம்பில் முதல் முறை தலையை நீருக்குள் விட்டபோது மனத்தில் வந்த சொல்லும் அதுதான்.

முதல் ஒரு மணி நேரம் துப்பாக்கியே தரவில்லை. இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் இறங்கும்போது மற்றவர் மேலே மிதந்தபடி அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற பழக்கத்தை உறுதிப்படுத்தினார்கள். அடியில் எவ்வளவு நேரம் இருந்தோமோ அதைப்போல் இரு மடங்காவது மேலே ஓய்வெடுக்க வேண்டும். மூச்சடக்கி மூழ்குபவர்கள் நினைவிழப்பது பெரும்பாலும் ஆழத்தில் அல்ல, மேலே வந்துசேரும் கடைசிச் சில மீட்டர்களிலும் மேற்பரப்பிலும்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தை நீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காப்பாற்றிவிடலாம், இல்லையென்றால் முடியாது. மீனைத் துரத்தும் ஆவலில் இன்னும் பத்து விநாடி என்று நீட்டிப்பவரே அதிகம் சாகிறார் என்று வழிகாட்டி சொன்ன தொனியில் அனுபவம் இருந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. துப்பாக்கியின் ரப்பர் பட்டையை நீருக்குள் மட்டுமே இழுத்து மாட்ட வேண்டும், படகுக்குத் திரும்பும்போது கழற்றிவிட வேண்டும் என்பதில் ஒருமுறைகூட அவர்கள் தளர்வு காட்டவில்லை.

பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு பவளக் குடையின் கீழே முதல் கோரல் டிரவுட்டைப் பார்த்தேன். செங்கல் நிற உடலில் நீலப் பொட்டுகள். என்னைக் கண்டதும் பின்வாங்காமல் பக்கவாட்டில் திரும்பி நின்றது. சுட இதைவிட வசதியான நிலை கிடையாது. 50 போலத் தோன்றியது. மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன்; 38-க்குக் கொஞ்சம் மேலே அல்லது கொஞ்சம் கீழே. விட்டுவிட்டு மேலே வந்தேன். மேலே மிதந்துகொண்டிருந்த வழிகாட்டி கட்டைவிரலைக் காட்டினார். இந்தப் பயணத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான், சுட்ட இரண்டு மீனுக்கும் கிடைக்கவில்லை.

மிகப் பெரியதைச் சுடுவதிலும் அவர்களுக்குத் தயக்கம் உண்டு. இந்த மீன் பெண்ணாகப் பிறந்து வளர்ந்து பின்னர் ஆணாக மாறும் இனம். ஆகவே மிகப் பெரியவற்றை மட்டுமே தேடிச் சுட்டுக்கொண்டிருந்தால் ஒரு திட்டில் ஆண்களே அருகிப்போகலாம். நடுத்தர அளவில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பெருமைக்குக் காட்டும் மீனைத் தேடாதீர்கள் என்றார்கள். நான் எடுத்த இரண்டும் படகில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்தபோது 46, 51 சென்டிமீட்டர். ஈட்டி பாய்ந்த உடனே கண்ணுக்குப் பின்னால் கூர்முனையால் மூளையில் குத்தித் துடிப்பை நிறுத்தவும், செவுளை அறுத்து இரத்தம் வடியவிட்டுப் பனிக்கட்டி நீரில் போடவும் கற்றுத்தந்தார்கள். மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்த விடவில்லை. ஒவ்வொன்றையும் உடனே படகில் சேர்க்க வேண்டும். இரண்டாவது மீனைச் சுட்ட சில நிமிடங்களில் இரண்டு சாம்பல் நிறத் திட்டுச் சுறாக்கள் வந்து சுற்றின. உடனே அந்த இடத்தை விட்டு வேறு திட்டுக்கு நகர்ந்துவிட்டோம். ஈட்டியின் ஓசைக்கு இரை கிடைக்கும் என்று சுறாக்களைப் பழக்கப்படுத்தினால் அடுத்து வருகிறவருக்குத்தான் ஆபத்து என்றார்கள்.

மதியத்துக்குப் பிறகு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மாவோரி ராஸ் எங்களை நோக்கி வந்தது. என் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பச்சையும் நீலமுமாக முகம் முழுக்க எழுதி வைத்தது போன்ற கோடுகள். கண்ணை உருட்டி ஒவ்வொருவரையும் பார்த்துவிட்டு என் துப்பாக்கி முனைக்கு இரண்டு மீட்டரில் வந்து நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய இனம் இது. 2004-இல் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டு, அதே ஆண்டில் பன்னாட்டு வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. மனிதரைக் கண்டு அஞ்சாத மீன்தான் ஈட்டிக்கு முதலில் பலியாகும். வடக்கே லிசர்ட் தீவுக்கு அருகே காட் ஹோல் என்ற இடத்தில் புள்ளிக் களவாக்கள் முக்குளிப்போரின் கையருகே வந்து நிற்கும். அங்கெல்லாம் ஈட்டி நுழைய முடியாது என்பதால்தான் அவை இன்னும் வருகின்றன. நான் துப்பாக்கியின் முனையைக் கீழே தாழ்த்திக்கொண்டேன், தேவையில்லை என்றாலும்.

இனிக் குறைகள். வாடகைக்குத் தந்த நீள் துடுப்புகள் எனக்கு ஓர் அளவு பெரியவை. மாற்றுக் கேட்டபோது காலுறை இரண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். மாலைக்குள் குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. உதவியாளராக வந்த இளைஞர் திறமையானவர்தான் என்றாலும், மீனோடு நிற்கும் படம் எடுப்பதில் அவருக்கிருந்த ஆர்வம் மீன் இன்னும் பனிக்கட்டிக்குள் போகவில்லையே என்பதில் இருக்கவில்லை; வெயிலில் என் முதல் மீன் பத்து நிமிடம் கிடந்தது. முந்தைய மாலை அவ்வளவு கவனமாகச் சொல்லிக்கொடுத்ததற்கு இது பொருந்தவில்லை. வஞ்சிரம் பற்றிய பகுதியை அவசரமாக முடித்தார்கள். குறைந்தது 75 சென்டிமீட்டர், 2023 ஜூலையிலிருந்து ஒருவருக்கு ஒன்றே ஒன்று, இருவருக்கு மேல் இருந்தாலும் படகுக்கு இரண்டுதான் என்ற விதி மற்றவற்றை விடக் கடுமையானது. ஆனால் அது பட்டியலில் ஒரு வரியாக வந்து போனது. நீல நீரில் ஒன்று கண்ணில் பட்டிருந்தால் நால்வரில் யார் சுடுவது என்பதே முடிவாகியிருக்காது. உணவு வெறும் ரொட்டியும் பதப்படுத்திய இறைச்சியும்; சைவம் உண்பவர் இந்தப் பயணத்துக்கு வரமாட்டார் என்று நினைத்துவிட்டார்கள் போலும். என்னுடன் வந்த நண்பர் வெறும் நீந்துவதற்காக வந்த சைவர். ஆப்பிள் தின்று நாளை ஓட்டினார்.

கரைக்கு வந்ததும் மீனைச் செதில் நீக்கித் துண்டுபோட உதவினார்கள். இனம் தெரியும்படி தோலை மட்டும் உரிக்கவில்லை. நன்றிக்காக ஒரு துண்டை உதவியாளரிடம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதும் பண்டமாற்றுச் செய்வதும் அங்கே குற்றம். அன்பளிப்புக்குத் தடையில்லை என்றாலும், கட்டணம் வாங்கும் இடத்தில் மீன் கைமாறினால் அது எப்போது கூலியாகிறது என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் கொள்கை. அருகிலுள்ள உணவகத்தில் சமைத்துத் தருவார்களா என்று கேட்டதற்கும், விடுதி அடுப்பே நல்லது என்று சொல்லிவிட்டார்கள்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன் என்றால், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும், ஒரு நாள் முழுவதும் கடலில் இருந்துவிட்டு இரண்டே மீனோடு திரும்புவதை இழப்பாக நினைக்காதவருக்கும்தான். குளிர்பெட்டியை நிரப்பி எடுத்துச் செல்லும் எண்ணத்தோடு வருகிறவர் 480 டாலருக்கு மீன்கடைக்கே போகலாம். செப்டம்பரில் போவது நல்லது. நவம்பரிலிருந்து மே வரை பெட்டி ஜெல்லி மீன்களின் காலம். துடுப்பை மட்டும் சொந்தமாகக் கொண்டுபோங்கள்.

அன்று இரவு விடுதியில் ஒரு டிரவுட்டை மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்தேன். மற்றொன்றின் தலையும் நடுத்துண்டும் சிங்கப்பூரிலிருந்து கொண்டுபோயிருந்த புளியில் குழம்பாயின. நம் ஊர்க் களவாக் குழம்பின் கெட்டித்தன்மை இதற்கு வரவில்லை, சதை அதைவிட மென்மை. வறுவலுக்குத்தான் ஏற்ற மீன். மெல்பர்ன்காரர் பக்கத்து அறையிலிருந்து வாசனை பிடித்து வந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கிளிமீன் பேச்சை எடுக்கவில்லை.